முப்பத்தைந்து நிமிடம்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலு,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் பிரித்ததற்கு நன்றி. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் முட்டிக்கொள்கிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் குரலை உயர்த்த முடியாது.

அன்றைக்கு நான் "இந்த விமான வேலையை விட்டுடேன்" என்று சொன்னது தப்புதான். நீ "முதல்ல நீ உன் வேலையை ஒழுங்கா பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஐந்து வாரம் ஆகிறது. அந்த வார்த்தை இன்னும் என் காதில்தான் கிடக்கிறது.

நேற்று அம்மா துணி மடித்துக்கொண்டே, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல, "சின்னவளுக்கு ஒன்பது வாரம்" என்றாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷம் முதலில் வந்ததா, என்னிடம் நீ சொல்லவில்லையே என்ற வருத்தம் முதலில் வந்ததா என்று கேட்காதே. அடுத்து அம்மா சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. நீ இன்னும் நிறுவனத்தில் சொல்லவில்லை. இன்னும் பறந்துகொண்டிருக்கிறாய். அதுவும் துருவத்தை ஒட்டிப் போகிற அதே தடத்தில்.

அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் நான் வானிலை ஆபீசில் இருப்பதாகத்தான் சொல்லிவைத்திருக்கிறாள். மாடியில் துணி காயப்போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மழையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சூரியனின் முகத்தில் இருக்கிற புள்ளிகளை எண்ணி, எது வெடிக்கும், வெடித்தால் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடும், உயரத்தில் பறப்பவர்கள் மேல் கதிர்வீச்சு கூடுமா என்று ஒரு நாளைக்கு இரண்டு முறை சதவீதம் போட்டு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. உனக்கு இது தெரியும். நான் சொல்ல வருவது, சூரியன் இப்போது தன் பதினோரு வருடச் சுற்றின் உச்சத்தில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது வெடிக்கிறது.

நிறுவனத்தில் சொல்லிவிடு. சொன்னால் தரையில் வேலை கொடுத்துவிடுவார்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

அம்மா வாயில் ஒரு விஷயம் ஒரு வாரம் தங்காது என்று தெரிந்தும் சொன்னேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். போன முறை ஆறாவது வாரத்திலேயே ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாளே தரையிறக்கி, சீருடைக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். கோட்டுப் பொத்தான்களைச் சரிபார்ப்பது என் வேலை. மொத்தக் குழுவுக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து எல்லாம் முடிந்து நான் திரும்பிப் போனபோது, அதே ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தகவல் தெரியாத ஒருத்தி மட்டும் "எத்தனாவது மாசம்?" என்றாள். அவளுக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் இந்த முறை பதின்மூன்றாவது வாரம் தாண்டட்டும். அதுவரை யாருக்கும் சொல்வதாக இல்லை. உனக்கும் சேர்த்துத்தான் சொல்லாமல் இருந்தேன்.

எனக்கு அறிவுரை சொல்கிறாயே, நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நீ பதில் சொன்னாயா? ஒன்றரை வருடத்துக்கு முன், ஆகஸ்ட் பதினொன்று. நான் வயிற்றில் ஐந்து வாரத்தோடு அந்த விமானத்தில் இருந்தேன். அப்போதெல்லாம் ஒன்பதரைக்குப் புறப்பாடு. ஏறி இரண்டு மணி நேரம் இருக்கும். கேப்டன் திடீரென்று உயரத்தைக் குறைத்தார். எங்களை உட்காரச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன்னைக் கேட்டேன், அன்னைக்கு சூரியன்ல என்ன நடந்துச்சு என்று. நீ "பாத்துச் சொல்றேன்" என்றாய்.

இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

இணையத்தில் தேடாமலா இருந்திருப்பேன்? ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள். எனக்கு அது உன் வாயிலிருந்து வர வேண்டும். உலகத்துக்கெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்கிறவள், சொந்தத் தங்கைக்கு ஒரு முறை சொல்லக் கூடாதா?


பிப்ரவரி 16

வாலு,

உன் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் வீணாக்கினேன். நான்காவது தாள் இது. உன் கேள்விக்கு இதிலும் பதில் இல்லை. திட்டிக்கொள். கொஞ்சம் பொறு.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. முந்தாநாள் சூரியனின் கிழக்கு விளிம்பில் ஒரு புள்ளிக்கூட்டம் எட்டிப் பார்த்தது. இன்று முழுதாகத் தெரிகிறது. பெரியது. சிக்கலானது. பல துண்டுகளாக, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் இது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகரும். இருபத்தாறு, இருபத்தேழாம் தேதி வாக்கில் மேற்கு விளிம்பை நெருங்கும். அங்கே இருந்து வெடித்தால்தான் எங்களுக்குப் பயம். சூரியனிலிருந்து பூமிக்கு வளைந்து வருகிற காந்தப் பாதைகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன. துகள்கள் அதில் ஏறிச் சறுக்கிக்கொண்டு நேராக நம்மிடம் வந்துவிடும்.

காந்தப் புயல் என்றால் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். எச்சரிக்க அவகாசம் இருக்கும். இந்தத் துகள்கள் அப்படியில்லை. இருபது நிமிடத்தில் வந்துவிடும். முன்கூட்டியே சொல்ல எங்களிடம் இருப்பதெல்லாம் வெறும் சதவீதம்தான். முப்பது என்போம். அந்த முப்பதுக்கு என்ன பொருள் என்று கேட்டால் நாங்களே தலையைச் சொறிவோம்.

நீ எந்தெந்த நாள் பறக்கிறாய் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

"கொஞ்சம் பொறு." நன்றாக இருக்கிறது. பதினெட்டு மாதம் போதவில்லையா?

நீ பதில் சொல்லாமல் இருப்பதிலிருந்தே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியை நானே கற்பனை செய்துகொள்கிறேன். அது உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும். அந்த அளவுக்காவது உனக்கு என் மேல் இரக்கம் இருக்கக் கூடாதா?

கேட்டாயே, ரோஸ்டர். அடுத்தது பிப்ரவரி 27, காலை பத்தரைக்குப் புறப்பாடு. துருவத் தடம்தான். போய்ச் சேர ஒன்பது மணி நேரம். உன் புள்ளிக்கூட்டம் தேதி பார்த்துத்தான் நகர்கிறதோ?

போன வாரம் வானத்தில் இருந்தபோது உணவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே வாரங்களை எண்ணினேன். பதினொன்று. தட்டும் பதினொன்று. ஒரு தட்டு கை தவறி விழுந்தது. பத்தாகிவிட்டதே என்று ஒரு நிமிடம் மூச்சு நின்றுபோனது. சொன்னால் சிரிப்பாய். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு ஆறுதல் வேண்டாம். கணக்கைச் சொல்.


பிப்ரவரி 23

வாலு,

இதைத் தபாலில் போடவில்லை. கூரியரில் அனுப்புகிறேன், 26ஆம் தேதி உன் கையில் இருக்க வேண்டும் என்று. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: 27ஆம் தேதி பறக்காதே. இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் பதினொன்று. காலைப் பணி என்னுடையது. அன்றும் மேற்கு விளிம்பில் ஒரு புள்ளிக்கூட்டம் இருந்தது. அது பார்க்க அவ்வளவு பெரிதாக இல்லை. நான் பத்து சதவீதம் என்று போட்டேன். பக்கத்து மேசைக்காரர் "கொஞ்சம் கூட்டிப் போடலாமே" என்றார். அதற்கு முந்தைய மாதம் நாங்கள் இரண்டு முறை எச்சரித்து இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. விமான நிறுவனங்கள், வீணாகச் சுற்றிப் போக வைத்தீர்கள் என்று கடிதம் போட்டிருந்தன. அந்தக் கடிதம் என் மேசையில்தான் இருந்தது. பத்திலேயே விட்டுவிட்டேன்.

பத்து நாற்பதுக்கு வெடித்தது. பதினொன்றுக்குச் செயற்கைக்கோளின் கதிர்வீச்சு அளவி மேலே ஏறியது. உடனே எச்சரிக்கை அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. அந்த அளவி அதற்கு முன் ஒரு முறை கோளாறாகிப் பொய்யாக ஏறியிருந்தது. மறுபடியும் பொய்ச் செய்தி அனுப்பி அவமானப்படக் கூடாது என்று இரண்டாவது செயற்கைக்கோளின் தகவலுக்காகக் காத்திருந்தேன். அது வந்து, நான் பொத்தானை அழுத்தியபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. முப்பத்தைந்து நிமிடம். உன் கேப்டன் உயரத்தைக் குறைத்தது என் செய்தியைப் பார்த்துத்தான். முப்பத்தைந்து நிமிடம் தாமதமாக வந்த செய்தியைப் பார்த்து.

நீ அந்த விமானத்தில் இருந்தாய் என்று சாயங்காலம் அம்மா சொல்லித்தான் தெரியும். வயிற்றில் ஒரு உயிர் இருந்தது என்று அதற்கு அடுத்த வாரம்தான் தெரியும்.

நீ கேட்ட கணக்கு இது. அந்தத் தடத்தில் ஒரு முறை போனால் சாதாரணமாக உடம்பில் சேர்வது ஒரு பங்கு என்றால், அன்று மூன்று பங்கு. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் வைத்திருக்கிற வரம்பில் ஏறக்குறைய ஆறில் ஒன்று. நான் உடனே சொல்லியிருந்தால் இதில் கொஞ்சம் குறைந்திருக்கும். உன் பெயரைச் சொல்லாமல் இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். இரண்டு பேருமே, இந்த அளவு அதற்குக் காரணமாக இருக்க முடியாது என்றார்கள். நானும் படித்தவரை அப்படித்தான். படித்ததை நம்புகிறேன். ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது நம்ப முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை? நீ அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் என்னைப் பார்ப்பாய் என்று பயந்தேன். உனக்காகத்தான் மறைத்தேன் என்று எழுதலாம். அது பொய்.

இன்னும் ஒன்று. 27ஆம் தேதிக்கு நான் அறுபது சதவீதம் போட்டேன். தலைவர் கூப்பிட்டு, எங்கிருந்து வந்தது இந்த அறுபது என்று கேட்டார். என்னால் விளக்க முடியவில்லை. போன முறை பயந்து குறைத்தேன், இந்த முறை பயந்து கூட்டுகிறேனோ என்னவோ. அவரிடம் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு என்னை மேசையில உட்கார வைக்காதீங்க சார். என் தங்கச்சி அந்த விமானத்துல போறா. எனக்கு இப்ப சூரியன் சூரியனா தெரியல." அவர் வேறு ஆளைப் போட்டிருக்கிறார்.

ஆகவே இதை முன்னறிவிப்பாளர் எழுதவில்லை. உன் அக்காதான் கெஞ்சுகிறேன். போகாதே.


மார்ச் 1

அக்கா,

26ஆம் தேதி சாயங்காலம் கூரியர் வந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். மேல்வீட்டு ஆள் இரண்டு முறை தாண்டிப் போனார். மூன்றாவது முறை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இப்பவாவது சொன்னாங்களே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நேரத்தில் அவர் எதிரில் இருந்திருக்கக் கூடாது.

முப்பத்தைந்து நிமிடத்துக்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளவி பொய் சொல்லும் என்றால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். நானும் விமானத்தில் புகை வாசனை வந்தால் முதலில் ரொட்டி கருகியதா என்றுதான் பார்ப்பேன். என் கோபமெல்லாம் அந்தப் பதினெட்டு மாதத்துக்கு. அத்தனை நாளும் நான் என்ன தின்றேன், எங்கே வழுக்கினேன், எந்தப் பெட்டியைத் தூக்கினேன் என்று என்னையே நோண்டிக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உன்னிடம் இருந்தது. நீ அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாய்.

27ஆம் தேதி காலையில் சீருடை போட்டுக்கொண்டுதான் போனேன். போகும் வழி முழுக்க, பறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. கையெழுத்துப் போடுகிற மேசை முன்னால் நின்றபோது என் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?" என்றாள். "பன்னிரண்டு வாரம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

இருபது நிமிடத்தில் மாற்று ஆள் வந்துவிட்டாள். எனக்கு நன்றாகத் தெரிந்த பெண். பாதி வாரிய தலையோடு ஓடி வந்தாள், போகிற போக்கில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். என் இடத்தில் அவளை அனுப்பிவிட்டேனே என்று ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வீட்டில், போனில் அந்த விமானம் போகிற பாதைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பொறிகூட இல்லை. நாற்பது நிமிடம் சுற்றிப் போய்ப் பத்திரமாக இறங்கினார்கள். அவள் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள், காப்பிக் கோப்பையோடு.

எங்கே உன் அறுபது சதவீதம்? நான் வைத்திருந்த ஒரே ரகசியத்தையும் கொட்டிவிட்டேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுபடியும் வயிற்றைத் தொட வருகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் இந்த முறையும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

கொஞ்ச நாள் எழுதாதே. நானே எழுதுகிறேன்.


மார்ச் 9

வாலு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உனக்குச் சொல்லாமல் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அது உனக்குத் தொல்லையாக இருந்தாலும்.

27ஆம் தேதி நான் ஆபீஸ் நூலக அறையில் உட்கார்ந்திருந்தேன். மேசைப் பக்கம் போகவில்லை. தலைவர் என் அறுபதை இருபத்தைந்தாகக் குறைத்திருந்தார். அவர் போட்டதுதான் சரி. அந்தப் புள்ளிக்கூட்டம் 21ஆம் தேதியிலிருந்தே கரைய ஆரம்பித்திருக்கிறது. படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நான் அந்தப் படத்தைப் பத்து முறை பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவர் வந்து, "அந்த அறுபதைப் போட்டது உங்க கண்ணு இல்லம்மா, உங்க பயம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகு ஆகஸ்ட் பதினொன்றைப் பற்றி அவரிடம் சொன்னேன். பதிவேட்டில் அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு நேராக "கருவி சரிபார்ப்பு" என்று நான் எழுதிவைத்த இரண்டு சொல்தான் இருக்கிறது. இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. நடந்ததை முழுதாக எழுதிக் கொடுத்தேன். விசாரணை வைத்தார்கள். மூன்று மாதத்துக்குத் தனியாக எச்சரிக்கை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். விதியையும் மாற்றிவிட்டார்கள். அளவி ஏறினால் இனி முதலில் செய்தி, பிறகு சரிபார்ப்பு. பொய் என்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

உன்னைத் தேவையில்லாமல் பயமுறுத்தி, சொல்ல வைத்துவிட்டேன். என்னால் உனக்கு இரண்டு முறை கெடுதல். குறைத்துச் சொல்லி ஒரு முறை, கூட்டிச் சொல்லி ஒரு முறை. ஏதாவது ஆகிவிட்டால் என்று நீ எழுதிய வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சூரியனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள்.

நீ எழுதும் வரை இனி எழுத மாட்டேன். இது சத்தியம்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

இருபது வாரம். நேற்று ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். என் வீட்டுக்காரர் என் கையை நசுக்கியே விட்டார். பிறகு டாக்டர், "குழந்தை திரும்பிப் படுத்துருக்கு, முகத்தைக் காட்ட மாட்டேங்குது" என்றார். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, பயமும் போகவில்லை. ஆனால் மூச்சு வருகிறது. அம்மாவிடம் நீயே சொல். நான் சொன்னால் ஒரு மணி நேரம் அழுவாள்.

ஒன்றரை மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. எனக்கு இந்த முறை சீருடைக் கிடங்கு இல்லை. அங்கே ஆள் இருக்கிறதாம். புறப்பாட்டு அறையில் போட்டிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் கேப்டன்கள் வந்து வானிலை, எரிபொருள், தடம் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடும் இடம். வருகிற அறிவிப்புகளை அச்செடுத்து, முக்கியமானதைக் கோடு போட்டு அவர்களிடம் கொடுப்பது என் வேலை. முதல் நாளே அந்தத் தாள்களில் உங்கள் ஆபீஸ் முத்திரையைப் பார்த்தேன். அந்தத் தாளை அடியில் தள்ளிவிட்டு வேறு தாளை எடுத்தேன். இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. பிறகு வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தேன்.

இன்று காலை வந்தது இது: காந்தப்புலம் கொந்தளிப்பாக இருக்கும், துருவத் தடத்தில் வானொலித் தொடர்பு விட்டு விட்டு வரலாம், கதிர்வீச்சுப் புயலுக்கு வாய்ப்பு முப்பது சதவீதம். அடியில் இரண்டு பேரின் பெயர்ச் சுருக்கம். ஒன்று உன்னுடையது.

துருவத் தடத்தில் போகிற கேப்டன் வந்தார். நரைத்த மனிதர், வளவளவென்று பேச மாட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "முப்பதுன்னா போகவும் முடியல, நிக்கவும் முடியல. இவங்க சொல்றதை நம்பலாமாம்மா?" என்று கேட்டார். இந்த அறையில் எல்லோரும் அலுப்பில் கேட்கும் கேள்விதான். யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

தாளில் உன் பெயர்ச் சுருக்கத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "வருமா வராதான்னு அவங்களுக்கே தெரியாது சார். ஆனா வந்துச்சுன்னா உடனே சொல்லிடுவாங்க."

அவர் பேனாவை எடுத்தார். தாழ்வாகப் பறக்க வேண்டி வந்தால் போதுமா என்று எரிபொருள் கணக்கைத் திரும்பப் போட்டார். இரண்டு டன் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தரைக்கு விமானம் கிளம்பியது. மூன்றரைக்கு என் பணி முடிந்துவிட்டது. எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை. அறையின் மூலையில் உட்கார்ந்து, திரையில் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அவர்கள் மேலே இருக்கிறார்கள், நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி. நீ ஒன்பது வருடமாக இப்படித்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாயா? எனக்கு ஒரு நாளைக்கே நெஞ்சு வலிக்கிறது.

உங்களிடமிருந்து இரண்டாவது செய்தி வருகிறதா என்று ஒவ்வொரு முறை அச்சுப்பொறி சத்தம் போடும்போதும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. பணிமாற்றத்துக்கு வந்தவள் எனக்கு ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் வேலையைப் பார்க்கிறாள்.

மணி ஏழு ஐம்பது. இறங்கிவிட்டார்கள்.

நான் வீட்டுக்குக் கிளம்புகிறேன் அக்கா. நீயும் கிளம்பு.

வாலு